சேற்றின் பெயர்களும் 'பாழ்நிலம்' என்ற ஒரு சொல்லும்

எமது இலக்கியச் சந்திப்புகளிலும் சஞ்சிகைகளிலும் பல காலமாகக் கேட்டுவரும் ஒரு முறைப்பாடு உண்டு. ஆங்கிலம் இயற்கையை நுணுக்கமாகப் பெயரிடும் மொழி. தமிழோ பக்தியின் மொழி, அறத்தின் மொழி, ஆனால் கண்முன் உள்ள நிலத்தை விபரிக்க வரும்போது தடுமாறும் மொழி என்பதே அது. இதற்கு உதாரணமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் நீரும் மண்ணும் கலந்து கிடக்கும் நிலம்தான். மார்ஷ், சுவாம்ப், பொக், ஃபென், மயர் என்று ஆங்கிலம் வரிசைப்படுத்தும் இடத்தில் எமது மொழிபெயர்ப்பாளர் 'சதுப்புநிலம்' என்ற ஒன்றோடு நின்றுவிடுகிறார். இதற்குப் பதில் சொல்லப் புறப்படும் தனித்தமிழ் அன்பர் நிகண்டைத் திறந்து அள்ளல், அளறு, சகதி, சேறு, தொள்ளி என்று எண்ணிக் காட்டி, நாமும் பணக்காரரே என்று நிறுவுகிறார்.

இரு தரப்பாரும் சொற்களைக் காசுபோல எண்ணுகிறார்கள். யாருடைய சொல், யாருடைய வாயில் இருந்தது, எந்த அதிகாரத்தின் முன் அது செல்லாமற் போனது என்ற கேள்விகளை எவரும் கேட்பதில்லை. மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில், பாழாய்ப்போன இரண்டு பெரும் கற்சுரங்கங்களின் அயலில் வசிப்பவன் என்ற முறையில் இக்கேள்விகள் எனக்கு வெறும் மொழியியற் கேள்விகளாகத் தோன்றவில்லை. அவை காணி பற்றிய கேள்விகள்.

1

முதலில் ஆங்கிலத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மார்ஷ், ஃபென் இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்கள். மயர், கார் என்பன வடபுலத்து வைக்கிங் குடியேறிகள் கொண்டுவந்தவை. பொக் என்பது ஐரிஷ், ஸ்கொட்லாந்து கேலிக் மொழிகளுக்குரியது. அங்கே அதன் பொருள் 'மெதுமையானது' என்பதுதான். சுவாம்ப் என்ற சொல் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேர்ஜீனியாக் குடியேற்றத்தோடு எழுத்தில் வருகிறது. கனடாவின் வடக்கில் பரந்து கிடக்கும் பாசிச் சேற்றுவெளிக்கு வழங்கும் மஸ்கெக் என்ற பெயர் கிறீ முதலிய ஆதிக்குடிகளின் மொழிகளிலிருந்து எடுக்கப்பட்டது. லூசியானாவின் தேங்குநீர்க் கால்வாயைக் குறிக்கும் பாயு, சொக்டோ மக்களின் சொல். கியூபெக் பிரெஞ்சும் இதற்கு விலக்கல்ல. மொன்றியல் சுரங்க ரயிலில் 'தெ லா சவான்' என்றொரு நிலையம் உண்டு. சவான் என்றதும் எமக்கு ஆபிரிக்கப் புல்வெளி நினைவுக்கு வரும். ஆனால் அது கரீபியத் தீவுகளின் தைனோ மக்களின் சொல்லாகப் புறப்பட்டு, ஸ்பானியம் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்து, கியூபெக்கில் சேற்றுக்காட்டைக் குறிக்கலாயிற்று.

எம்மிடமிருந்தும் எடுத்தார்கள். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த ஏ. சி. பேர்ணலும் தொகுத்து 1886 இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதியில் அணைக்கட்டு 'அனிகட்' ஆகவும், கலிங்கு 'கலிங்குலா' ஆகவும் இடம்பெற்றுள்ளன. காவிரியிலும் கொள்ளிடத்திலும் வேலைசெய்த பிரித்தானியப் பொறியியலாளருக்கு இச்சொற்கள் தேவைப்பட்டன. ஏனெனில் அவர்கள் கண்ட பொருள் அவர்களுடைய ஊரில் இருக்கவில்லை.

ஆக, ஆங்கிலம் இத்துறையில் பிறவிப் பணக்கார மொழியல்ல. வாங்கிச் சேர்த்த மொழி. கடன்வாங்குவதை இழிவென்று கருதும் எமது தூய்மைவாதிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. இத்தனை சொற்களையும் சேர்த்துக்கொண்ட அதே மொழி, சட்டம் எழுதும்போது அவை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து 'வேஸ்ட்' என்ற ஒரே சொல்லைக் கையாண்டது.

2

இந்தச் சொல் முதலில் பாய்ந்தது எம்மீதல்ல, ஆங்கில ஏழைகள்மீதே. இங்கிலாந்தின் கிழக்கே உள்ள ஃபென் நிலங்களில் வாழ்ந்தவர்கள் கோரைப்புல் அறுத்தும், விலாங்கு பிடித்தும், நீர்ப்பறவை வேட்டையாடியும், நீர் வற்றும் கோடையில் பொதுநிலத்தில் மாடு மேய்த்தும் சீவித்தவர்கள். 1630களில் பெட்ஃபோர்ட் பிரபுவும் அவருடன் முதலீடு செய்தோரும், ஒல்லாந்துப் பொறியியலாளர் கோர்னேலியஸ் வெர்மூய்டனைக் கொண்டு இந்நிலத்தை வடிக்கத் தொடங்கினர். வடித்தவர்களுக்கு அது பயனற்ற பாழ். மேம்படுத்தி உரிமையாக்கப்பட வேண்டியது. வாழ்ந்தவர்களோ கரைகளை உடைத்தார்கள், வாய்க்கால்களை மூடினார்கள். உள்நாட்டுப் போரினால் தடைப்பட்ட வேலை மீளத் தொடங்கியபோது, 1650 இல் டன்பார் போரில் சிறைப்பட்ட ஸ்கொட்லாந்தியர் அங்கே மண்வெட்ட அனுப்பப்பட்டனர்.

வடித்த நிலம் பழி வாங்கியது. நீர் போனதும் பீட் எனப்படும், தாவரங்கள் ஊறிக் கறுத்துப் படிந்த அந்த மண் சுருங்கியது, காற்றோடு கலந்து கரைந்தது. விட்டில்சி ஏரியை வடித்த காலத்தில், 1850களின் தொடக்கத்தில், ஹோம் என்ற இடத்தில் ஓர் இரும்புத் தூணை அதன் தலை நிலமட்டத்தோடு ஒத்திருக்கும்படி புதைத்தார்கள். இன்று அந்தத் தூண் நிலத்துக்கு மேலே சுமார் 4 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. தூண் வளரவில்லை, நிலம் இறங்கிவிட்டது.

அடுத்த கட்டத்தில் இந்தச் சொல் கடல் கடந்தது. இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்காணி அத்துமீறல் கட்டளைச்சட்டம், காடாகவோ பாழாகவோ குடியில்லாமலோ பயிரிடப்படாமலோ கிடக்கும் காணி அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே சொந்தம் எனக் கொள்ளப்படும் என்றது. 1897 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தன் பெயரிலேயே 'பாழ்நிலம்' என்ற சொல்லைச் சுமந்து வந்தது. மலையகத்தில் கோப்பிக்கும் பின் தேயிலைக்கும் காணி தேடியதே இவற்றின் பின்னணி என்பதும், அதனால் கண்டிய விவசாயி இழந்ததும் எமது வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதிய விடயங்கள். குறைவாகப் பேசப்பட்டது என்னவென்றால், அந்த நான்கு அடைமொழிகளின் வலைக்குள் எமது தரவைகளும் உவர்வெளிகளும் கண்டற்கரைகளும் குளத்து அலைகரைகளும் விழுந்தன என்பதே.

தரவையை எடுத்துக்கொள்வோம். மாரியில் நீர் நிற்கும், தை மாசிக்குப் பின் புல் எழும், மாடு மேயும், கோடையில் சில இடங்களில் உப்புப் பூக்கும். அது காடல்ல. வயலுமல்ல. அங்கே எவரும் குடியிருப்பதில்லை, பயிரிடுவதுமில்லை. ஆனால் அதனால் பிழைக்காத ஊரில்லை. தரவை என்ற சொல் அந்தப் பயன்பாடு முழுவதையும் தன்னுள் வைத்திருந்தது. சட்டத்தின் சொல்லில் அதற்கு இடமிருக்கவில்லை. பயிரிடாத நிலம் பயனற்ற நிலம் என்ற சமன்பாட்டில் தரவை இரண்டு தடவை தோற்றது.

தமிழ்நாட்டிலும் நடந்தது இதுதான். சென்னைக்குத் தெற்கே உள்ள பள்ளிக்கரணை நிலத்துக்கு ஊரார் வழங்கிய பெயர் கழுவெளி. தெற்கேயுள்ள பல ஏரிகளின் நீர் வந்து தங்கிக் கடலுக்கு இறங்கும் வெளி அது. அரசின் கண்ணுக்கு அது நெடுங்காலம் பாழ்நிலமாகவே இருந்தது. பெருங்குடிப் பக்கத்தில் 1980களிலிருந்து நகரத்தின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. பல ஆயிரம் ஹெக்டயராய் இருந்த வெளி சில நூறாகக் குறைந்தது. 2007 இல் ஒரு பகுதி ஒதுக்குக் காடாயிற்று. 2015 டிசம்பரில் தென்சென்னை நீரில் மூழ்கியபோதுதான் கழுவெளி என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்பது பத்திரிகைகளுக்குத் தெரியவந்தது. 2022 இல் பள்ளிக்கரணை ரம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஆங்கிலத்தில் 'வேஸ்ட்' என்பது பாழையும் குறிக்கும், குப்பையையும் குறிக்கும். ஒரு நிலத்தை முதற்பொருளில் பெயரிட்டால், அது இரண்டாம் பொருளைப் பெற அதிக காலம் எடுப்பதில்லை.

3

செயின்ட்-மிஷேல் இதற்குச் சாட்சி. 1968 இல் மொன்றியலோடு இணைக்கப்படும் வரை இது தனி நகரசபை. அடியில் இருப்பது சுண்ணக்கல். மொன்றியலின் வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் தேவையான கல்லும் சீமெந்தும் இங்கிருந்து போயின. மிரோன், ஃபிராங்கோன் என்ற இரு சுரங்கங்கள் குடிமனைகளுக்கு நடுவே எழுபது, எண்பது மீற்றர் ஆழத்துக்குத் தோண்டப்பட்டன. யாழ்ப்பாணத்தவருக்கு இது அந்நியமான காட்சியல்ல. குடாநாடும் சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி 1990 இல் போரினால் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை விட்டுச்சென்ற கிடங்குகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கிடங்குகளும் விளங்கும்.

மிரோன் கிடங்கில் 1968 முதல் நகரத்தின் குப்பை கொட்டப்பட்டது. சுமார் 4 கோடி தொன் குப்பை அதற்குள் போயிற்று. நாற்றத்துக்கும் தூசிக்கும் வெடியதிர்வுக்கும் எதிராக இங்குள்ள தொழிலாளர் குடும்பங்கள் நீண்டகாலம் போராடின. 1984 இல் மாநகரசபை அதை வாங்கியது, 2000 இல் அழுகும் குப்பை புதைப்பது நின்றது. 2017 முதல் அதன்மேல் பிரெடரிக் பாக் பூங்கா திறக்கப்பட்டு வருகிறது. புல்வெளியெங்கும் நிற்கும் வெள்ளைக் கோளங்கள் அலங்காரத்துக்கு வைத்தவையல்ல. அடியில் அழுகும் குப்பையின் வாயுவை உறிஞ்சும் கிணறுகளின் மூடிகள் அவை.

ஃபிராங்கோனுக்கு வேறு விதி. நகர வீதிகளில் அள்ளும் பனியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கே வந்து விழுகிறது. உப்பும் மணலும் எண்ணெயும் கலந்த அந்தப் பனி கறுத்த மலையாகிக் கோடையிலும் கரைந்துகொண்டிருக்கும். இதே கிடங்கின் பாறையிலிருந்து எடுத்து 1968 இல் விபரிக்கப்பட்ட ஒரு புதிய கனிமத்துக்கு, கனடியப் புவியியல் ஆய்வகத்தின் முதற் பணிப்பாளர் வில்லியம் லோகனை நினைவுகூர்ந்து வெலோகனைற் என்று பெயரிட்டார்கள். உலகத்துக்கு ஒரு கனிமப் பெயரைக் கொடுத்த இடம், நகரத்தின் கழிவுப்பனிக்கு இடமாயிற்று. வசந்தத்தில் எமது கால்களில் ஒட்டும் அந்த உருகற்சேற்றுக்கு மொழிக் காரியாலயம் பரிந்துரைக்கும் சொல் 'கதூ'. வீதியில் எவரும் சொல்வது 'ஸ்லொஷ்', 'புவெத்'. இங்கும் சேற்றுக்கு இரண்டு மொழிகள் உண்டு: அலுவலகத்தின் மொழி, அதை மிதிப்பவரின் மொழி.

4

மிரோன் என்ற பெயரை நாம் வேறு ஓரிடத்திலும் கண்டிருக்கிறோம். இங்கே அது ஒரு குடும்பப் பெயர். எமக்கோ உடுவிலில் ஊழியம் செய்து, பின் சென்னை சென்று, 1862 இல் தமிழ்-ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட அமெரிக்க மிசனறி மைரன் வின்சுலோவின் முதற்பெயர். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், உறவு எதுவுமில்லை. ஆனால் அந்த அகராதியின் தலைப்பை நினைவுபடுத்த இது நல்ல சந்தர்ப்பம். உயர்தமிழுக்கும் தாழ்தமிழுக்குமான அகராதி என்று அது தன்னை அறிவித்தது. யோசப் நைற் யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைத்த அந்தத் தொகுப்பு வேலை, தாழ்தமிழ் என்று தானே பெயரிட்டதைச் சேர்க்க வேண்டும் என்பதையாவது ஏற்றுக்கொண்டது.

எமது சொந்த மரபு அவ்வளவு தூரம் போகவில்லை. நிகண்டுகள் செய்யுளில் அமைந்தவை. மனனம் செய்வதற்கும் கவி பாடுவதற்கும் உரியவை. அவை அள்ளலையும் அளறையும் சேற்றின் பெயர் என்று ஒரே மூச்சில் அடுக்கும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு, எதில் கால் புதையும், எதில் நாற்று நிற்கும் என்று சொல்லா. புலவருக்கு அது தேவைப்படவில்லை. அளறு என்ற சொல்லோ திருக்குறளில் நரகத்தின் பெயராகவே வருகிறது. சேற்றில் நின்று வேலைசெய்யாதவருக்கே சேறு நரகமாகத் தோன்றும் என்று நான் நினைக்கிறேன்.

வேலைசெய்தவர்களிடம் வேறுபாடுகள் இருந்தன. கடற்கரையில், கண்டல் வேர்களுக்கிடையில் முழங்கால்வரை இழுக்கும் சேறு சுரி. வெள்ளம் கொண்டுவந்து படியவைப்பது வண்டல். நீர் வற்றி வெடித்துச் சுருளும் மேற்படை பொருக்கு. புழுதியில் விதைப்பது ஒரு வேளாண்மை, சேறடித்து விதைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நிலம் எந்த ஈரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லப் 'பதம்' என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்தது. குளத்தின் நீர் நின்று போன கரை அலைகரை, நீர் திறக்கும் மதகு துருசு, மிகை நீர் வழிவது வான். மோட்டை, மடு, கேணி, துரவு, பொக்கணை என்பவை நீர் நிற்கும் பள்ளங்களின் பெயர்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எவரும் சொல்லமாட்டார்.

இந்தச் சொற்கள் ஏன் எமது பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் ஏறவில்லை? மொழியின் வறுமை காரணமல்ல, சாதிதான் காரணம். யாழ்ப்பாணத்துப் புலமை நிலம் வைத்திருந்தவரின் புலமை. நாற்று நட்டவர், களங்கட்டியில் மீன் எடுத்தவர், உப்பு வாரியவர், மாடு மேய்த்தவர் ஆகியோரின் பேச்சு அப்புலமைக்குக் கொச்சை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தபோது அதில் யாழ்ப்பாண வழக்குகள் பல இடம்பெற்றன. ஆனால் அந்த வழக்குகளை வைத்து நிலத்தைப் பற்றி எழுதும் உரைநடை எம்மிடம் வளரவில்லை. 1972 இல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்ட கே. டானியல் போன்றோர் அந்த மக்களின் பேச்சை அச்சில் ஏற்றியபோது, அது இலக்கியமா என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. ஆங்கிலத்தின் சொல்வளத்தைப் புகழ்ந்து தமிழின் வறுமைக்கு இரங்குபவர் பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் வாரிசுகளே.

சொல்லின்மேல் உரிமை கோரும் சண்டைக்கு மட்டும் நாம் குறைந்தவர்களல்ல. மட்டக்களப்பு என்ற பெயரை மட்டமான களப்பு என்று தமிழில் விளக்குவோர் உளர். சேற்றுக் களப்பு என்ற பொருளில் சிங்களத்தின் 'மட கலப்புவ' என்பதிலிருந்து வந்தது என்போரும் உளர். யார் முதலில் வந்தவர் என்பதை நிறுவவே இரு விளக்கங்களும் பயன்படுத்தப்படுகின்றன. களப்பு என்ற பின்பகுதி இரு மொழிக்கும் பொதுவாயிருப்பதும், இரு மொழி பேசிய மீனவரும் ஒரே சேற்றில் இறங்கினார்கள் என்பதும் இந்த வழக்கில் சாட்சியமாக ஏற்கப்படுவதில்லை. வடமேற்கிலும் கிழக்கிலும் வெள்ளச் சமவெளிகளில் உள்ள இயற்கை நீர்நிலைகளுக்கு வழங்கும் 'வில்லு' என்ற சொல்லும் அப்படியே. தமிழரும் சிங்களவரும் பழகிய அச்சொல் இன்று இலங்கையைப் பற்றிய ஆங்கிலச் சூழலியல் எழுத்துக்களில் மொழிபெயர்க்கப்படாமலே நிற்கிறது.

5

2009 இல் உலகம் எமது ஈரநிலப் பெயர்கள் சிலவற்றை அறிந்தது. பொக்கணை, முள்ளிவாய்க்கால், நந்திக்கடல். செய்திகளில் இவை ஒரு 'லகூன்', ஓர் ஒடுங்கிய மணற்பட்டி, ஒரு சூடற்ற வலயம். நாமும் இப்போது இவற்றை இழப்பின் பெயர்களாக மட்டுமே உச்சரிக்கிறோம். அது இயல்பு. ஆனால் பொக்கணை என்றால் குழி, பள்ளம். முள்ளி என்பது நீர்முள்ளி, கழிமுள்ளி போன்ற ஈரநிலச் செடிகளின் பெயர். வாய்க்கால் என்பது வாய்க்கால்தான். இடுப்புவரையும் மார்புவரையும் நீரில் இறங்கி நந்திக்கடலைக் கடந்தவர்களுக்கு, எங்கே மணல், எங்கே சுரி என்பது சொல்லாராய்ச்சியாக இருந்திருக்காது. அந்த மக்கள் ஏன் அங்கே வாழ்ந்தார்கள், அந்த நிலம் அவர்களுக்கு என்ன கொடுத்தது என்பதைச் சொல்லும் சொற்கள் இல்லாமற்போனால், நினைவுகூரலில் நிலம் வெறும் மேடையாகிவிடும்.

காணி இப்போதும் சொற்களாலேயே கைமாறுகிறது. 1971 இல் ஈரான் நகரமான ரம்சாரில் கையெழுத்தான உடன்படிக்கையோடு 'ஈரநிலம்' என்ற மதிப்பான சொல் பாழ்நிலத்தின் இடத்தைப் பிடித்தது. இலங்கை 1990 இல் அதில் இணைந்தது. மன்னார் வங்காலை 2010 இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. வடக்கில் சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாயிற்று. பறவைகளுக்கு இது நல்லது. ஆனால் புதிய சொல்லும் அலுவலகத்தின் சொல்லே. பாழ் என்று எடுத்துக்கொண்ட அதே அரசு பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே வலை வீசியவரையும் மாடு மேய்த்தவரையும் இரண்டு சொற்களும் காண்பதில்லை.

6

அப்படியானால் சொற்களைச் சேகரிப்பதால் என்ன பயன்? ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவு ஒரு படிப்பினை. 2004 இல் அத்தீவின் பீட் வெளியில் 234 காற்றாலைகள் நிறுவ ஒரு திட்டம் வந்தது. வெறும் வெளிதானே என்று ஆதரவாளர் சிலர் சொன்னார்கள். ஊரார் தமது கேலிக் மொழியில் அந்த வெளிக்கு இருந்த நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்தார்கள். 2008 இல் அரசு திட்டத்தை நிராகரித்தது. நிராகரிப்புக்கான சட்டக் காரணம் பறவைப் பாதுகாப்பு, சொற்பட்டியல் அல்ல. ஆயினும் அங்கே ஒன்றுமில்லை என்று சொல்வதை அந்தப் பட்டியல் கடினமாக்கியது. அதற்குமேல் ஒரு சொற்பட்டியலிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

ஆங்கிலமும் இழந்துகொண்டுதான் இருக்கிறது. 2007 இல் ஒக்ஸ்ஃபோர்ட் சிறுவர் அகராதியிலிருந்து மீன்கொத்தி, நீர்நாய், நாரை, மேய்ச்சல்நிலம் ஆகியவற்றுக்கான சொற்கள் நீக்கப்பட்டன. பிராட்பாண்ட் முதலியவை சேர்ந்தன. 2015 இல் மார்கிரட் அட்வூட் உட்பட 28 எழுத்தாளர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள்.

கியூபெக்கில் 2017 இல் வந்த ஈரநிலச் சட்டம் நான்கு வகைகளைப் பெயரிடுகிறது: நீர் நிற்கும் எத்தான், புல் மூடிய மரே, மரம் நிற்கும் மரேகாஜ், பீட் படிந்த தூர்பியேர். மூன்றையாவது 'சதுப்புநிலம்' என்றே எமது மொழிபெயர்ப்பாளர் எழுதுவார். முதலாவதற்குக் குட்டையும் மோட்டையும் உண்டு. இரண்டாவதற்குக் கழுவெளி நெருங்கி வரும். மூன்றாவதற்கு, மரத்தின் பெயரால் நிலத்தை அழைக்கும் எமது வழக்கு உதவும். கண்டற்காடு அப்படி வந்ததுதான். நான்காவதற்கு எம்மிடம் சொல் இல்லை, ஏனெனில் எமது ஊரில் அந்தப் பொருளோடு நாம் வாழவில்லை. ஆங்கிலேயர் பொக்கையும் அணைக்கட்டையும் எடுத்ததுபோல பீட் என்று எடுத்துக்கொள்வதில் எந்தக் கேவலமும் இல்லை. இருப்பதை மறந்துவிட்டு இல்லாததற்குச் சொல் புனைவதுதான் கேவலம்.

வன்னியில் வயல் செய்தவர்களும், மன்னாரிலும் மட்டக்களப்பிலும் களப்பில் இறங்கியவர்களும் இந்நகரத்தில் எம்மோடு வாழ்கிறார்கள். பலர் முதுமை அடைந்துவிட்டார்கள். எமது மேடைகளில் அவர்கள் பார்வையாளராகவே அமர்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய், இந்தச் சேற்றுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், அதில் என்ன செய்தீர்கள், யாருடைய காணி அது என்று கேட்டு எழுதுவதற்கு நிதியோ நிறுவனமோ தேவையில்லை. மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டு முதற்கேள்வியை மட்டும் கேட்போமானால் இன்னொரு நிகண்டுதான் கிடைக்கும். இதுபற்றி மாற்றுக் கருத்துள்ளோர் எழுத வேண்டும்.